கப்பல் ஏறும் முன்னே: பெற்றோருக்கான பயணக் காப்புறுதி

லெம்பா பெர்த்தாம் பக்கம் அண்மைக் காலமாக ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. தேயிலைத் தோட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து, ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கையில் பார்த்தவர்கள், “ஒரு தடவ கப்பல்ல போய்ட்டு வந்துரணும்” என்கிறார்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ புறப்பட்டு, புக்கெட் வரை போய், மூன்று நான்கு நாளில் திரும்பும் உல்லாசக் கப்பல். ஏற்பாடு செய்ய ஒருவர், சேர்ந்து போகப் பத்துக் குடும்பம், தலைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. கொழுந்து வெட்டி வெட்டித் தோள்பட்டை தேய்ந்தவர்கள், பிறர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டுக் கடலைப் பார்த்துவிட்டு வரட்டுமே. யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் நண்பர்களே, அந்தப் பயணத்துக்கான பாரங்களை நிரப்புவது யார்? நாம்தான். நம் பெற்றோரில் பலர் தமிழ்ப்பள்ளியோடு நின்றவர்கள். நாம் தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், மலாயும் ஆங்கிலமும் வாசிக்கக் கற்றவர்கள். “நீதான் படிச்ச புள்ள, பார்த்துப் போட்டுடு” என்று கைத்தொலைபேசி நம் கைக்கு வருகிறது. பயணக் காப்புறுதி வாங்குவது பத்து நிமிட வேலை. கட்ட வேண்டிய தொகையும் பெரிதன்று. அந்தப் பத்து நிமிடத்தில் நாம் படிக்காமல் தாண்டிவிடும் ஒரு பத்தி, அவர்களுடைய சேமநிதியை ஒரே வாரத்தில் கரைத்துவிடக்கூடும். எந்த நிறுவனம் மலிவு என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. பத்திரத்தில் எந்த இடத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதே என் பேச்சு.

கப்பல் நமக்கு ஒன்றும் புதிதன்று. 1926-இல் கட்டப்பட்ட ‘ராஜூலா’ சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. நம் முன்னோர் பலர் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களே. அதற்குப் பின் ‘எம்.வி. சிதம்பரம்’ 1972-இலிருந்து ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் பலியான பிறகு அந்தப் பயணிகள் சேவையும் முடிந்தது. தோட்ட வேலைக்கு வந்தவர்களை அம்மை, காலரா பயத்தில் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் தனியே தங்கவைத்துச் சோதித்த பிறகே உள்ளே விட்டார்கள். அந்தக் காலத்தில் கப்பலில் நோய் வந்தால் யார் செலவு என்ற கேள்வி எழவில்லை. படுத்தவரிடம் இழப்பதற்கு எதுவும் இருந்ததில்லை. இன்று ஏதோ கொஞ்சம் இருக்கிறது.

கடலில் நோய்ப்படுவது ரிங்லெட்டில் நோய்ப்படுவது போலன்று. அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கொடுத்து மருத்துவரைப் பார்த்து மருந்தும் வாங்கி வந்து பழகியவர்கள் நாம். நிபுணத்துவ மருத்துவரைப் பார்க்க 5 ரிங்கிட். கப்பலில் இருப்பதோ தனியார் கிளினிக் போன்றது. பார்த்ததற்கு, ஊசிக்கு, சேலைனுக்கு என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு, அறைக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். இறங்கும்போது கட்ட வேண்டும். நோய் கடுமையானால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி, அந்த நாட்டு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே முன்பணம் கேட்பது வழக்கம். கப்பல் தன் வழியே போய்விடும். மகனோ மகளோ இங்கிருந்து விமானம் ஏறிப் போக வேண்டும். குணமான பிறகு நோயாளியைப் படுத்த நிலையில், ஒரு தாதியின் துணையோடு ஊருக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். இவ்வளவும் சேர்ந்தால் பல பத்தாயிரம் ரிங்கிட் ஆகிவிடும். சொக்சோ இதற்கு வராது. உல்லாசப் பயணம் வேலை நேரமன்றே.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பத்திரத்தின் பின்பகுதியில் ‘விலக்குகள்’ என்று ஒரு பிரிவு இருக்கும். எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். அதில் ‘முன்பே உள்ள நோய்’ என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். பயணத்துக்கு முன் குறிப்பிட்ட மாதங்களுக்குள் மருத்துவரிடம் காட்டிய, மருந்து சாப்பிட்ட, அல்லது அறிகுறி தெரிந்த எந்த நோயும் அதில் அடங்கும். எத்தனை மாதம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். இனிப்பு நீர், இரத்த அழுத்தம், கொழுப்பு, மூட்டு வலி. மாதா மாதம் கிளினிக் அட்டையோடு போய் மருந்து வாங்குகிறார்கள். அந்த அட்டையே சான்று.

பலர் ஏமாறுவது இங்கேதான். இணையத்தில் வாங்கும் பல பயணக் காப்புறுதிகளில் உடல்நலக் கேள்வியே கேட்பதில்லை. பெயர், அடையாள அட்டை எண், நாள், பணம், முடிந்தது. ‘ஒன்றுமே கேட்கவில்லையே, அப்படியென்றால் எல்லாம் அடங்கும் போல’ என்று நினைத்துவிடுகிறோம். வாங்கும்போது கேட்காத கேள்வியை, பணம் கோரும்போது கேட்பார்கள். அப்போது மருத்துவக் குறிப்புகளையும் வரவழைத்துப் பார்ப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அழுத்த மருந்து சாப்பிடும் ஓர் அம்மா, நீச்சல் குளத்தருகே ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது விபத்து. பெரும்பாலும் பணம் கிடைக்கும். அதே அம்மாவுக்கு இரவில் பக்கவாதம் வந்தால், அது பழைய இரத்த அழுத்தத்தின் விளைவு என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. ஒரே ஆள், ஒரே பத்திரம், ஒரே கப்பல்.

சரி, என்ன செய்யலாம்? கூடுதல் கட்டணத்துக்கு முன்பே உள்ள நோயையும் ஓரளவு ஏற்கும் காப்புறுதிகள் உண்டு. அதற்கென்று ஓர் உச்சவரம்பு போட்டிருப்பார்கள்; அந்தத் தொகையைப் பாருங்கள். நோய் கட்டுக்குள் இருப்பதாக மருத்துவர் கடிதம் கேட்டால் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கேள்வி கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். “எதுக்குடா சக்கரைய எல்லாம் எழுதுற, வெல ஏத்திடப் போறான்” என்று அப்பா சொல்வார். 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குத் தவறான விவரம் தராமல் கவனமாகப் பதில் சொல்வது வாங்குபவரின் கடமை. தெரிந்தே மறைத்தால் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கலாம். பிரீமியத்தில் நூறு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், உள்ளதும் போகும்.

இன்னொன்று, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை. பல வேளைகளில் அது விபத்தில் இறந்தால் கிடைக்கும் தொகையாக இருக்கும். நமக்கு அதைவிட முக்கியமானவை கீழே சின்ன எழுத்தில் இருக்கும்: வெளிநாட்டு மருத்துவச் செலவு எவ்வளவு, அவசரமாக ஊருக்குக் கொண்டுவரும் செலவு எவ்வளவு. சொல்லக் கூச்சமாக இருந்தாலும், உயிர் போய்விட்டால் உடலைக் கொண்டுவரும் செலவு எவ்வளவு என்பதையும் பாருங்கள். கடைசிக் காரியம் சொந்த ஊரில் நடக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் சின்ன விஷயமன்று. வயது 70-ஐத் தாண்டினால் பல காப்புறுதிகளில் மருத்துவத் தொகை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே குடும்பத் திட்டம் வாங்கினாலும், அட்டவணையில் தாத்தாவுக்கு வேறு வரிசை.

சாதாரணப் பயணக் காப்புறுதி கப்பலுக்குப் போதுமா? சிலவற்றில் கப்பல் பயணமும் அடங்கும், சிலவற்றில் தனியாகச் சேர்க்க வேண்டும். கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால், நோயால் அறையிலேயே அடைபட்டால், கரைச் சுற்றுலா ரத்தானால் என்று தனிச் சேர்க்கையில் வரும். இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் 2020 மார்ச்சை நினைத்துப் பார்க்கட்டும். கோவிட் பயத்தில் ‘கோஸ்டா ஃபோர்ச்சுனா’ என்ற கப்பலைப் புக்கெட்டும் ஏற்கவில்லை, நம் பினாங்கும் ஏற்கவில்லை. இறுதியில் சிங்கப்பூரில்தான் பயணிகள் இறங்கினர். கப்பல் நிறுவனமே விழுந்த கதையும் உண்டு. நம் நாட்டவர் பலருக்கு உல்லாசக் கப்பல் என்றாலே நினைவுக்கு வந்த ‘ஸ்டார் குருஸஸ்’ 1993-இல் தொடங்கியது. அதன் தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் தன்னைக் கலைக்குமாறு நீதிமன்றத்தை நாடியது. ஆகவே, நிறுவனமோ பயண முகவரோ திவாலானால் முன்பணம் திரும்புமா என்ற வரியையும் தேடுங்கள்.

எப்போது வாங்குவது? முன்பணம் கட்டிய அன்றே. பயணத்துக்கு முந்தின இரவு வாங்கினால் மருத்துவப் பகுதிக்குப் பயன்படும். பயணத்தை ரத்துச் செய்யும் பகுதிக்கு அநேகமாக வீண். இடையில் பாட்டி மருத்துவமனையில் சேர்ந்து பயணம் நின்றுபோனால் அதற்கான பாதுகாப்பு, வாங்கிய நாளிலிருந்துதான் ஓடும். புயல், நோய்ப் பரவல் போன்றவை செய்தியில் வந்த பிறகு வாங்கினால் ‘தெரிந்த நிகழ்வு’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மலைக்காரர்களான நமக்கு மட்டும் உரிய ஒரு பிரச்சினை இருக்கிறது: பாதை. மழைக்காலத்தில் தாப்பா–ரிங்லெட் சாலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் நமக்குப் பழக்கம். 2013 அக்டோபர் 23 அதிகாலை, சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதில் லெம்பா பெர்த்தாமே வெள்ளத்தில் மூழ்கி உயிர்கள் பலியானதை அங்குள்ள யாரும் மறக்கவில்லை. சாலை மூடிவிட்டது என்று கப்பல் காத்திருக்காது. புறப்படும் நேரத்துக்கு நன்கு முன்பாகவே பதிவு முகப்பை மூடிவிடுவார்கள். ‘புறப்பாட்டைத் தவறவிடுதல்’ என்று காப்புறுதியில் ஒரு பகுதி இருக்கும். பல பத்திரங்களில் அது பொதுப் போக்குவரத்து பழுதானால் மட்டும்தான். மாமாவின் வேனில் இறங்கிவந்து வழியில் மாட்டிக்கொண்டால் அது அடங்குமா என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதைவிட நல்ல காப்புறுதி, முதல் நாளே இறங்கிக் கிள்ளானில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதுதான். அதற்குப் பிரீமியம் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி!

புக்கெட்டில் இறங்கியதும் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கத் துடிக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. உரிய உரிமமும் தலைக்கவசமும் இல்லாமல் ஓட்டி விழுந்தாலோ, குடித்திருந்தாலோ, காப்புறுதி எட்டிப் பார்க்காது.

கடப்பிதழ் விஷயத்தில் தோட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்தும், பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாததால் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் மூத்தவர்களை நமக்குத் தெரியும். அவர்கள் குடிமக்களாகக் கருதப்படாததால் மலேசியக் கடப்பிதழ் பெற முடியாது. குழுவாகப் பணம் கட்டிய பிறகு இது தெரியவந்தால், அந்தப் பாட்டிக்கு ஏற்படும் அவமானத்தைப் பணத்தால் அளக்க முடியாது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே ஒவ்வொருவரின் அட்டை நிறத்தையும் பார்த்துவிட்டு, தேவையானால் குடிநுழைவுத் துறையில் நேரில் விசாரியுங்கள். நீல அட்டை உள்ளவர்களுக்குச் சிக்கலில்லை. ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 ரிங்கிட், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 100. பயண நாளில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

கப்பலில் ஏறியதும் அவசரகாலப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். நம்மவர்கள் சிலர் அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கூடத்தைத் தேடிப் போவார்கள். வேண்டாம். 1999 மே மாதம், ‘சன் விஸ்டா’ என்ற உல்லாசக் கப்பல் புக்கெட்டிலிருந்து சிங்கப்பூர் திரும்பும் வழியில், மலாக்கா நீரிணையில் இயந்திர அறையில் தீப்பிடித்து மூழ்கியது. 1,100-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அனைவரும் உயிர்காப்புப் படகுகளில் ஏறித் தப்பினர். 2012 ஜனவரியில் இத்தாலியில் ‘கோஸ்டா கொங்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் மாண்டனர். புதிதாக ஏறிய பயணிகளுக்கு அதுவரை பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை முடிக்க வேண்டும் என்ற அனைத்துலக விதி 2015-இல் நடைமுறைக்கு வந்தது. படகில் ஏறித் தப்பியவர்களின் பெட்டிகள் கடலோடு போயின. ஆகவே மருந்து, கடப்பிதழ், மூக்குக் கண்ணாடி மூன்றும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். மருந்து, பயண நாளைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கிளினிக் கொடுத்த உறையோடேயே.

தாப்பா வளைவுகளில் வாந்தி எடுக்காதவர்களுக்குக் கப்பல் ஆட்டம் பெரிதாகத் தெரியாது என்பது எங்கள் ஊர்க் கணிப்பு. மருத்துவ ஆதாரம் கேட்காதீர்கள். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. தலைசுற்றல் மாத்திரையை முதியவர்களுக்குக் கொடுக்குமுன் அவர்களுடைய மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று மருந்தாளரைக் கேளுங்கள். கைத்தொலைபேசியை ‘விமான நிலை’க்கு மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் நடுக்கடலில் செயற்கைக்கோள் இணைப்பில் பேசிய கட்டணம் பிறகு வந்து சேரும்.

பணம் கோர நேர்ந்தால் தாள்கள்தான் பேசும். கப்பல் மருத்துவரின் அறிக்கை, பற்றுச்சீட்டு, பொருள் திருட்டுப்போனால் காவல்துறைப் புகார், எல்லாவற்றையும் மூலப்படியாக வாங்கி வரச் சொல்லுங்கள். பெரிய சிகிச்சைக்கோ ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டுக்கோ முன்பாக, காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணை அழைத்து ஒப்புதல் பெற வேண்டும். நாமாக ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு சீட்டை நீட்டினால் தகராறு வரும். நிறுவனம் மறுத்து, அது நியாயமில்லை என்று பட்டால், முதலில் அதன் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால், 2025 ஜனவரி முதல் இயங்கும் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தை குறைதீர் அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அந்த உதவி எண்ணையும் பத்திர எண்ணையும் கைத்தொலைபேசியில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில், பக்கத்திலேயே ‘உடம்புக்கு முடியலன்னா மொதல்ல இங்க கூப்பிடு’ என்று தமிழில் எழுதி, அம்மாவின் பணப்பையில் ஒன்று, அப்பாவின் சட்டைப் பையில் ஒன்று வைத்து அனுப்புங்கள்.