பாறை நிலத்துக்கான தார்ப்பாய் முளைகள்

தார்ப்பாய் முளை என்பது தார்ப்பாயின் ஓரங்களையும் இழுகயிறுகளையும் தரையோடு பிணைக்கப் பயன்படும் கூரான சிறு கம்பி அல்லது உலோகத் துண்டு ஆகும். மாடு கட்டுவதற்காகத் தரையில் அடிக்கப்படும் முளையைப் போலவே இதுவும் மண்ணின் பிடிப்பை நம்பி நிற்கிறது. ஆனால் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே உள்ள உயர்மலைப் பகுதிகளில் மண் மிகக் குறைவு. சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே முளையின் நுனி கல்லில் முட்டிவிடும். இத்தகைய இடங்களில் தங்கி வேட்டையாடுவோர், எடை குறைந்ததும் கல்லிடுக்குகளில் இறங்கக்கூடியதும் எளிதில் வளையாததுமான முளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

வேட்டையும் சுமையும்

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் பெருங்கொம்பு ஆடுகளும் மலை வெள்ளாடுகளும், அலாஸ்காவில் டால் ஆடுகளும் வேட்டையாடப்படுகின்றன. ஓநாய் போன்ற கொன்றுண்ணிகளிடமிருந்து தப்புவதற்காக இவ்விலங்குகள் செங்குத்தான பாறைச் சரிவுகளை ஒட்டியே வாழ்கின்றன. எனவே வேட்டையாடுபவரும் பல நாட்கள் அங்கேயே தங்க நேரிடுகிறது. கொலராடோவில் மரங்களின் எல்லை ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் முடிகிறது. அதற்கு மேல் கயிறு கட்ட மரமும் இல்லை, காற்றைத் தடுக்கக் காடும் இல்லை.

உணவு, துப்பாக்கி, தொலைநோக்கி, படுக்கை ஆகிய அனைத்தும் முதுகில்தான் செல்கின்றன. வேட்டை வெற்றி பெற்றால் திரும்பும்போது இறைச்சியும் சேர்ந்துகொள்ளும். அலாஸ்கா சட்டப்படி டால் ஆட்டின் உண்ணத்தக்க இறைச்சியை மலையில் விட்டுவிட்டு வரக்கூடாது. இதனால் பலர் கூடாரத்துக்குப் பதிலாகத் தரைவிரிப்பு இல்லாத இலேசான தார்ப்பாயை எடுத்துச் செல்கின்றனர். தார்ப்பாய் தானாக நிற்காது. மலையேற்றக் கைத்தடியை நடுவில் ஊன்றி, சுற்றிலும் முளையடித்து இழுத்துக் கட்டினால்தான் அது கூரையாகும். ஒரு முளை பிடுங்கிக்கொண்டால் முழுக் கூரையும் சரியலாம்.

காற்றின் விசை

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று தன்னை நேருக்கு நேர் எதிர்க்கும் 4 சதுர மீட்டர் துணியின் மீது ஏறத்தாழ 18.5 கிலோகிராம் எடைக்கு இணையான விசையைச் செலுத்தும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகி 74 கிலோகிராம் எடைக்கு இணையாகும். சரிவாகக் கட்டிய துணியில் இது குறையும். ஆனாலும் அந்த விசை முழுவதையும் காற்று வரும் பக்கத்தில் உள்ள மூன்று அல்லது நான்கு முளைகளே தாங்க வேண்டும்.

இரவில் மழையோடு காற்று வீசும்போது கூரை பறந்துபோனால் படுக்கையும் உடையும் நனைந்துவிடும். நனைந்த உடலில் காற்று படும்போது வெப்பம் வேகமாக வெளியேறுகிறது. உடலின் உள்வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்வெப்பநிலை எனப்படுகிறது. உறைநிலைக்கு மேற்பட்ட குளிரிலும் இது உயிரைப் பறிக்கக்கூடும்.

வடிவங்கள்

- கொக்கி முளை: ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியின் தலைப்பகுதியைக் கொக்கியாக வளைத்துச் செய்யப்படுவது. டைட்டானியத்தில் ஒன்றின் எடை 6 முதல் 7 கிராம். குறுகிய இடுக்கிலும் நுழையும். ஆனால் எளிதில் வளையும். தளர்ந்த மண்ணில் திரும்பிக் கயிற்றை நழுவவிடும்.
- ஆணி முளை: நேரான உருண்டைக் கம்பியும் தட்டையான தலையும் கொண்டது. 4 மில்லிமீட்டர் தடிமனும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள டைட்டானிய ஆணி ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ளது. தலையில் கல்லால் அடிக்கலாம்.
- மூவிதழ் முளை: குறுக்குவெட்டில் மூன்று விளிம்புகள் கொண்ட அலுமினிய முளை, எடை 10 முதல் 15 கிராம். மண்ணில் நல்ல பிடிப்புத் தரும். அகலம் மிகுந்ததால் கற்களுக்கிடையே இறங்குவது கடினம்.
- இரும்பு ஆணி: 8 மில்லிமீட்டர் தடிமனும் 20 சென்டிமீட்டர் நீளமும் இருந்தால் ஒன்றே ஏறத்தாழ 80 கிராம். எதையும் தாங்கும்; ஆனால் பத்து ஆணிகள் 800 கிராம் ஆகிவிடும்.

பொருளும் தடிமனும்

ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் எடை ஏறத்தாழ 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.8 கிராம். அலுமினியத்தில் 6061 எனப்படும் பொதுவகைக் கலப்புலோகத்தைவிட 7075 வகை மிக வலியது. டைட்டானியத்தில், 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த கலப்புலோகம் தூய வகையைவிட வலியது.

பொருளைப் போலவே தடிமனும் முக்கியமானது. உருண்டைக் கம்பி வளைவதை எதிர்க்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது; எடையோ இருமடிக்கு நேர்விகிதத்திலேயே உயர்கிறது. 3 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் அதே பொருளில் 4 மில்லிமீட்டர் கம்பியைத் தேர்ந்தால் எடை 1.8 மடங்காகும், வலிமை 2.4 மடங்காகும். பாறை நிலத்தில் ஆணி முளைக்குச் செலவிடும் சில கிராம்கள் வீணாவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

அடிக்கும் முறை

பொதுவாக முளையின் தலை தார்ப்பாய்க்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்குமாறும், கயிறும் முளையும் ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்குமாறும் அடிக்கப்படுகிறது. பாறை நிலத்தில் இவ்விதியைவிட இடுக்கின் போக்கே முதன்மையானது. முளையை முதலில் கையால் அழுத்தி, நுனி கல்லில் முட்டினால் எடுத்துச் சில சென்டிமீட்டர் தள்ளி மீண்டும் முயல வேண்டும். முட்டிய இடத்திலேயே ஓங்கி அடித்தால் முளைதான் வளையும். பாதியளவே இறங்கிய முளையில், கயிற்றைத் தலையில் கட்டாமல் தரையை ஒட்டிக் கட்டினால் நெம்பும் விசை குறைகிறது.

முளை இறங்காத இடம்

வெறும் பாறையிலும் தளர்ந்த சரளையிலும் எந்த முளையும் பயன்படாது. அங்கு கல்லே முளையின் வேலையைச் செய்கிறது. கயிற்றின் நுனியைக் கைக்கு அடங்கும் ஒரு சிறு கல்லில் அல்லது முளையின் நடுவில் கட்டித் தரையில் கிடத்த வேண்டும். அதற்குச் சற்று முன்னால், தார்ப்பாய் இருக்கும் பக்கத்தில், கயிற்றின் மீது ஒரு பெருங்கல்லை வைக்க வேண்டும். கயிறு இழுபடும்போது சிறு கல் பெருங்கல்லின் அடியில் முட்டி இறுகிக்கொள்ளும்.

பெருங்கல் தன் எடை முழுவதற்கும் எதிர்ப்புத் தருவதில்லை. உராய்வெண் 0.6 என்று கொண்டால், 20 கிலோகிராம் கல் 12 கிலோகிராம் எடைக்கு இணையான கிடை இழுப்பையே தாங்கும். கயிறு மேல்நோக்கி இழுத்தால் அதுவும் குறையும். எனவே கயிற்றை நீளமாக விட்டு, தாழ்வாகக் கட்டுவது நல்லது. கூரிய கல் விளிம்பு கயிற்றை அறுக்காதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு

பத்து முளைகள் தேவைப்படும் தார்ப்பாய்க்கு ஒரே வகையைவிடக் கலவையே பொருத்தமானது. காற்றைத் தாங்கும் மூலைகளுக்கு ஆறு டைட்டானிய ஆணிகளும், ஓரங்களுக்கு நான்கு கொக்கி முளைகளும் சேர்ந்து 80 கிராமுக்கும் குறைவே. அவற்றுடன் மூலைக்கு ஒன்றாக 1 முதல் 2 மீட்டர் வரை நீளமுள்ள உபரிக் கயிறுகளும் தேவை. முளை இறங்காத இரவில் கூரையைக் காப்பவை இக்கயிறுகளே. சாம்பல் நிற முளைகள் கற்களிடையே கண்ணுக்குத் தப்பிவிடுவதால் தலையில் பளிச்சென்ற நிறத்தில் நூல் கட்டுவது வழக்கம். நைலான் துணி ஈரத்தில் தொய்யும் என்பதால், உறங்கப்போகும் முன் எல்லாக் கயிறுகளையும் மீண்டும் ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும்.

உயர்மலைச் செடிகள் மிக மெதுவாகவே வளர்கின்றன. ஆகவே புறப்படும்போது, புரட்டிய கற்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.