தண்டவாளத்தில் ஓடும் கட்டளைகள்

காஞ்சிபுரத்துத் தறிகளின் மேல் அமைந்த ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. நெசவாளர் மிதிக்குந்தோறும் ஓர் அட்டை முன்வர, துளைக்கு நேரே உள்ள ஊசியின் கொக்கி மேலெழுந்து தனக்குரிய பாவு இழைகளைத் தூக்குகிறது, துளையில்லாத இடத்துக் கொக்கியோ ஒதுக்கித் தள்ளப்படுகிறது. 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்த இம்முறையின் சாரம், செய்ய வேண்டியதை முன்கூட்டியே வரிசைப்படுத்தி எந்திரத்திடம் ஒப்படைப்பதே. மாதிரி ரயிலை வலையமைப்பின் வழியே ஓட்டும் ‘ஸ்கிரிப்ட்’ என்னும் சிறு நிரலும் அதே வகையைச் சேர்ந்தது.

பழைய மாதிரி ரயில்களில் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே வேகம் மாற்றப்பட்டதால், ஒரே பாதையில் நின்ற இரண்டு எஞ்சின்கள் சேர்ந்தே ஓடின. ‘டிசிசி’ எனப்படும் இலக்கமுறைக் கட்டுப்பாட்டில் மின்னழுத்தத்தின் அளவு மாறுவதில்லை. அதன் திசை மட்டும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை புரட்டப்படுகிறது. அரைச் சுற்று 58 மைக்ரோ நொடி நீடித்தால் 1 என்றும், 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0 என்றும் பொருள். இந்த வரிசையில் எஞ்சினின் முகவரியும், அதற்கான கட்டளையும், பிழை காட்டும் சரிபார்ப்பு எண்ணும் அடுத்தடுத்து வர, எஞ்சினுக்குள் பொருத்திய ‘டிகோடர்’ என்னும் மின்சுற்று தன் முகவரிக்கு வராததையும் கணக்குப் பொருந்தாததையும் கண்டுகொள்வதில்லை.

இக்கட்டளைகளைத் தண்டவாளத்தில் ஏற்றும் கட்டுப்பாட்டு நிலையத்தை வலையமைப்பின் வழியே கணினியுடன் இணைத்து, ‘ஜேஎம்ஆர்ஐ’ என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவினால், பைத்தான் மொழியின் ஜாவா வடிவமான ஜைத்தானில் சில வரிகள் எழுதினாலே போதும்: 3-ஆம் முகவரி எஞ்சினை முன்னோக்கித் திருப்பு, வேகத்தை 0.4 ஆக்கு, ரயில் நிலையத்து உணரி ரயிலைக் காணும்வரை காத்திரு, வேகத்தை 0 ஆக்கு. இங்கு முழு வேகம் 1 எனக் கொள்ளப்படும். இவற்றுள் உயிர்நாடியான வரி, காத்திருக்கச் சொல்வதுதான். உணரியை நம்பாமல் பத்து நொடி கழித்து நிறுத்து என எழுதினால், மோட்டார் சூடேறியோ தண்டவாளத்தில் அழுக்குப் படிந்தோ வேகம் சற்றே மாறினாலும் ரயில் நிலையத்தைத் தாண்டியோ எட்டாமலோ நிற்கும்.

நெசவாளர் காலை எடுத்தால் தறி நின்றுவிடும். இங்கு நிலைமை வேறு. கட்டுப்பாட்டு நிலையம் கடைசிக் கட்டளையையே திரும்பத் திரும்ப அனுப்புவதால், வலையமைப்பு அறுந்தாலும் ரயில் ஓடிக்கொண்டேயிருக்கும். வைஃபை வழியே கைப்பேசியில் ஓட்டுவோருக்காக ஜேஎம்ஆர்ஐ ஒரு காப்பு வைத்திருக்கிறது: கைப்பேசி குறித்த இடைவெளியில் தன் இருப்பைத் தெரிவிக்காவிட்டால் ரயில் நிறுத்தப்படும். ஸ்கிரிப்ட் ஓடும் கணினியே முடங்கினால், கட்டுப்பாட்டு நிலையத்தின் அவசர நிறுத்தப் பொத்தானைக் கையால்தான் அழுத்த வேண்டும்.