“வெறும் இலைதானே அண்ணே!” - கஞ்சா மூளைக்குள் செய்யும் வேலை

கோலாலம்பூர் - “வெறும் இலைதானே அண்ணே, ஹெரோயினா எடுக்கிறோம்?” பிரிக்பீல்ட்ஸ் தொடங்கி கிள்ளான் தாமான்கள் வரை இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

இலைதான். ஆனால் அதிலுள்ள டிஎச்சி என்ற வேதிப்பொருள் மூளையைத் தொடுகிறது. அதே போன்ற ஒரு பொருளை நம் மூளை தானாகவே சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டறிந்தவர்கள் ‘ஆனந்தம்’ என்ற சொல்லை வைத்தே அனந்தமைடு என்று பெயரிட்டார்கள். நினைவு, பசி போன்றவற்றைச் சீராக வைப்பதில் அதற்குப் பங்குண்டு. அது உட்கார வேண்டிய இடத்தில் டிஎச்சி உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரிகிறது. சொல்ல வந்தது பாதியில் மறக்கிறது. கண் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு பிரேக் பிடிக்கும் கை தாமதமாகிறது.

புகைத்தால் சில நிமிடங்களில் ஏறிவிடும். பிஸ்கட்டில் கலந்து தின்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். “ஒன்றும் ஆகவில்லையே” என்று இன்னொன்றைத் தின்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

சட்டத்தைப் பலர் அறிவார்கள். 200 கிராம் கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கப்படும். 2023 ஜூலை 4 முதல் மரண தண்டனை கட்டாயமில்லை. ஆனாலும் நீதிபதி அதை விதிக்க முடியும். டிஎச்சி கொழுப்பில் தங்குவதால், தினமும் புகைத்தவரின் சிறுநீரில் நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் தெரியும்.

பெரிய கவலை பதின்ம வயதினர்தான். அந்த வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்வீடனில் 45,000க்கும் மேற்பட்ட இராணுவப் பயிற்சி இளைஞர்களைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளிவந்தது. 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்குப் பின்னாளில் ஸ்கிசோஃப்ரினியா வந்தது ஏறக்குறைய 6 மடங்கு அதிகம். கஞ்சா மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குடும்பத்தில் மனநோய் இருந்தால் ஆபத்து கூடும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பையன் தூங்காமல் தனியாகப் பேசுகிறான், பக்கத்து வீட்டார் தன்னையே கவனிப்பதாகச் சொல்கிறான் என்றால், முதலில் வரும் சந்தேகம் செய்வினை. மந்திரிக்க அலைந்தே மாதங்கள் ஓடிவிடுகின்றன. கயிறு கட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. அதே வாரம் அரசாங்க கிளினிக்கிற்கும் அழைத்துப் போங்கள். கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாத பெற்றோர் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைக்கலாம்.