சிறுநீரக நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சலா? சிறுநீர்ப் பரிசோதனை ஏன் அவசியம்?

மும்பை: மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மலேரியா, டெங்கு குறித்த அச்சமே முதலில் எழுகிறது. ஆனால், ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்புள்ள குழந்தைக்குச் சளி, இருமல் இன்றிக் காய்ச்சல் நீடித்தால், சிறுநீர்ப் பாதைத் தொற்றும் காரணமாக இருக்கலாம். சிகிச்சை தாமதமானால் சிறுநீரகத்தில் நிரந்தரத் தழும்பு ஏற்படலாம். அது பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் வழிவகுக்கக்கூடும்.

தொற்று எளிதில் வருவது ஏன்?

பெரும்பாலான தொற்றுகளுக்குக் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவே காரணம். சில குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிச் செல்லும் பிறவிக் குறைபாடு உண்டு. அவர்களுக்குக் கிருமிகள் எளிதில் சிறுநீரகத்தை எட்டுகின்றன. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் பாதித்தவர்களுக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் சிறுநீரில் வெளியேறுகின்றன; ஸ்டீராய்டு மருந்தும் எதிர்ப்புத் திறனைக் குறைக்கிறது. தொற்று காரணமாக, அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கவும் வாய்ப்புண்டு.

கழிப்பறையும் ஒரு காரணம்

தமிழர்கள் பெருமளவில் வசிக்கும் தாராவியில் பல குடும்பங்கள் பொதுக் கழிப்பறைகளையே நம்பியுள்ளன. வரிசையில் நிற்கவும் இரவில் வெளியே செல்லவும் தயங்கும் குழந்தைகள், குறிப்பாகச் சிறுமிகள், சிறுநீரை அடக்கிக்கொள்ளும் நிலை ஏற்படுகிறது. சிறுநீரை அடக்குவதும் மலச்சிக்கலும் தொற்றுக்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற பொதுவான அறிவுரை இவர்கள் அனைவருக்கும் பொருந்தாது. உடல் வீக்கமுள்ள குழந்தைக்கு நீரின் அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

மருந்துக்கு முன் கல்ச்சர்

நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தைத் தொடங்கும் முன்பே யூரின் கல்ச்சருக்கு மாதிரி எடுப்பது முக்கியம். மருந்துக் கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்கிக் கொடுத்தால் கிருமி பரிசோதனையில் தெரியாமல் போகலாம். சில மருந்துகளின் அளவைச் சிறுநீரகச் செயல்திறனுக்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கும். இபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளைத் தவிர்ப்பது நல்லது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது.

சிறுநீர் திரும்பிச் செல்லும் குறைபாடுள்ள 607 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு 2014-ல் வெளியானது. தினமும் குறைந்த அளவில் தரப்பட்ட மருந்து, தொற்று மீண்டும் வருவதைச் சுமார் பாதியாகக் குறைத்தது. ஆனால், புதிய தழும்புகள் ஏற்படுவது குறையவில்லை. எனவே, தடுப்பு மருந்து இருந்தாலும் ஒவ்வொரு காய்ச்சலையும் கவனிக்க வேண்டியுள்ளது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

காரணம் தெரியாத காய்ச்சல், வாந்தி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், துர்நாற்றம், புதிதாகப் படுக்கையில் சிறுநீர் கழித்தல் ஆகியவை அறிகுறிகள். கைக்குழந்தைகளிடம் பால் குடிக்க மறுப்பதும் சோர்வும் மட்டுமே தென்படலாம். ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வெளிப்படையாகத் தெரியாமலும் இருக்கலாம்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதியினர் மாநகராட்சியின் சயான் மருத்துவமனையையோ, பரேலில் உள்ள வாடியா குழந்தைகள் மருத்துவமனையையோ நாடலாம். பழைய பரிசோதனை அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் உடன் கொண்டுசென்றால் சிகிச்சையை விரைவாக முடிவு செய்ய உதவும்.