40 கிலோ குறைச்சாச்சு... தொங்கும் தோலை என்ன செய்றது? - பாடி கான்டூரிங் சர்ஜரி பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஒரு வருஷமா சோற்றை அளந்து சாப்பிட்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து, ஒருவழியா 40 கிலோ குறைச்சாச்சு. பழைய போட்டோவைப் பார்ப்பவர்கள், ‘இது நீயா?’ என்று கேட்கிறார்கள். ஆனால், பாத்ரூம் கண்ணாடி முன்னால் நிற்கும்போது மட்டும் அந்தச் சந்தோஷம் முழுசா வருவதில்லை. அடிவயிற்றில் மடிந்து தொங்கும் தோல், கையைத் தூக்கினால் ஆடும் சதை... எடை போன பிறகும் தொளதொள சட்டையை விட முடியவில்லை.

உங்கள் கதையும் இதுதானா? முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். இது நீங்கள் செய்த தப்பு இல்லை.

தோல் ஏன் சுருங்குவதில்லை?

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன். இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பது எலாஸ்டின். பல வருடங்கள் அதிக எடையோடு இருக்கும்போது இந்த இழைகள் நீண்டு சேதமாகிவிடும். ரொம்ப நாள் இழுத்துக் கட்டிய எலாஸ்டிக் தொய்ந்துபோவது மாதிரிதான். கொழுப்பு கரைந்தாலும் தோல் பழைய அளவுக்குத் திரும்பாது. வயது, மரபு, புகைப்பழக்கம், எத்தனை கிலோ குறைந்தது என்பதைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும்.

2013-ல் 610 கிலோ எடையோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட சவுதி இளைஞர் காலித் பின் மொஹ்சென் ஷாரி, பின்னர் 500 கிலோவுக்கும் மேல் குறைத்தார். அதற்குப் பிறகு, மிச்சமிருந்த தோலை நீக்க அவருக்குப் பல அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன.

‘க்ரீம் தடவினால் இறுகிடும்’ என்று வரும் ரீல்ஸை நம்பி காசை விடாதீர்கள். உடற்பயிற்சி தசையை வளர்க்கும், லேசான தொய்வை ஓரளவு மறைக்கும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோலை எந்தப் பயிற்சியும் கரைக்காது.

அழகுக்கு மட்டும்தானா?

இல்லை. மடிப்புகளுக்குள் வியர்வை தேங்கும். நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்... அரிப்பு, பூஞ்சைத் தொற்று, புண், துர்நாற்றம் என மாறி மாறி வரும். தொடைத் தோல் உரசினால் நடப்பதே கஷ்டம். கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தவர் இதனாலேயே ஜிம்முக்குப் போவதை நிறுத்திவிடும் ஆபத்தும் உண்டு.

என்னென்ன செய்வார்கள்?

* வயிறு: டம்மி டக். தொங்கும் தோலை வெட்டி நீக்கி, விலகிப்போன வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைப்பார்கள். தொப்புள் அதே இடத்தில்தான் இருக்கும். அதற்கு மேலே தோலில் புதிதாக ஒரு திறப்பு வைப்பார்கள்.

* இடுப்பைச் சுற்றி: லோயர் பாடி லிஃப்ட். பெல்ட் போடும் இடத்தில் முன்னும் பின்னும் தோலை நீக்குவது.

* மேல்கை, தொடை, மார்பு: ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சர்ஜரி. ஆண்களுக்கும் மார்புத் தோலைச் சரிசெய்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வது பாதுகாப்பானது இல்லை. சில மாத இடைவெளியில் கட்டம் கட்டமாகத்தான் செய்வார்கள்.

‘லிபோசக்‌ஷன் பண்ணா போதாதா?’ என்பவர்களுக்கு: அது கொழுப்பை உறிஞ்சும், தோலை நீக்காது. பாடி கான்டூரிங்கும் எடை குறைப்பதற்கான வழி இல்லை.

எப்போது செய்யலாம்?

எடை குறைந்தபட்சம் 6 மாதங்களாவது ஒரே நிலையில் இருக்க வேண்டும். பேரியாட்ரிக் சர்ஜரி செய்தவர்கள் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் காத்திருக்க வேண்டும். பி.எம்.ஐ 30-க்குக் கீழே இருந்தால் ரிஸ்க் குறைவு. குழந்தைப்பேறு திட்டத்தில் இருந்தால், வயிற்று சர்ஜரியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

சிகரெட்டை சர்ஜரிக்கு 4 வாரங்களுக்கு முன்பாவது நிறுத்தியே ஆக வேண்டும். அது தோலுக்கான ரத்த ஓட்டத்தைக் குறைத்து, தையல் போட்ட இடத்தையே அழுகவைக்கும். புரதம், இரும்புச்சத்து, வைட்டமின் பி12 குறைவாக இருந்தாலும் காயம் ஆறுவது தாமதமாகும். எனவே, ரத்தப் பரிசோதனை செய்து முதலில் அதைச் சரிசெய்வார்கள்.

2025-ல் மவுன்ஜாரோ, வெகோவி இந்தியாவுக்கு வந்த பிறகு ஊசி மூலம் எடை குறைப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்க மருந்து கொடுக்கும்போது இது சிக்கலாகலாம் என்பதால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ரிஸ்க் என்ன?

‘எடை குறைக்கிற சர்ஜரியையே தாங்கியாச்சு, இது என்ன பெருசு?’ என்று நினைக்க வேண்டாம். பேரியாட்ரிக் சர்ஜரியைப் பெரும்பாலும் சின்னத் துளைகள் வழியாகச் செய்துவிடுவார்கள். இதிலோ காயம் ரொம்ப நீளம். தையல் பிரிவது, தொற்று, தோலுக்கு அடியில் நீர் கோப்பது, மரத்துப்போவது ஆகியவை வரலாம். அரிதாக, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்தும் உண்டு. கெண்டைக்கால் வீக்கம், வலி, திடீர் மூச்சுத்திணறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சில வாரங்களுக்குக் கம்ப்ரெஷன் உடை போட வேண்டும். 4 முதல் 6 வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது. வீட்டில் உதவிக்கு ஆள் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தழும்பு நிச்சயம் இருக்கும். மங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம், முழுசா மறையாது. தொங்கும் தோலுக்குப் பதிலாகத் தழும்பு... இந்தப் பண்டமாற்று உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் முக்கியமான கேள்வி.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச் அல்லது டி.என்.பி முடித்தவரா?

* இதே சர்ஜரியை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்?

* அந்த இடத்தில் ஐ.சி.யூ வசதி உண்டா?

* தையல் பிரிந்தால், மறுபடி செய்ய வேண்டியிருந்தால் செலவு யாருடையது?

அழகுக்கான சர்ஜரிகளுக்கு இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கிடைக்காது. ஆனால், மடிப்பில் திரும்பத் திரும்பத் தொற்று வருகிறது என்றால், ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்துவையுங்கள். மருத்துவக் காரணம் என்று நிறுவ அது உதவும்.

‘இவ்ளோ இளைச்சதே போதாதா, இன்னும் எதுக்கு ஆபரேஷன்?’ என்று வீட்டில் கேட்பார்கள். அதே வீட்டில் யாராவது, ‘எப்போ ஆபரேஷன் பண்ணிக்கப்போற?’ என்றும் கேட்கலாம். தோல் தொந்தரவு தராவிட்டால் இதைச் செய்துதான் ஆக வேண்டும் என்பது இல்லை. தொந்தரவு இருந்தால் ஒதுக்கிவைக்கவும் தேவையில்லை. அந்த 40 கிலோவைக் குறைத்தது நீங்கள். அடுத்த முடிவும் உங்களுடையதே!