நாற்று யார் வளர்ப்பாங்க பாஸ்?

ஃபுட்பால்னு சொன்னதும் மெஸ்ஸியை நினைச்சுடாதீங்க. இது அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், ஆளோடு ஆள் மோதும் ஆட்டம். இதன் காலேஜ் மேட்ச் பார்க்கவே ஒரு லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியங்கள் அங்கே இருக்கு!

நீங்கதான் அப்படி ஒரு டீமின் கோச்னு வெச்சுக்கோங்க. 2025 முதல் டீமில் 105 பேர்தான் இருக்கலாம். ஹைஸ்கூல் முடிக்கிற பையனைக் கூட்டிவந்து வளர்ப்பீங்களா? வேற காலேஜில் ஆடித் தேறின 22 வயசுக்காரரை அள்ளிட்டு வருவீங்களா?

முன்னெல்லாம் கோச் வீடு தேடிப் போய் அம்மா, அப்பாவிடம் பேசி, ஸ்காலர்ஷிப் கொடுத்து பையனை அழைச்சுட்டு வருவார். முதல் வருஷம் பெரும்பாலும் பெஞ்ச்தான். ஜிம், சாப்பாடு, பயிற்சின்னு உடம்பு தேறணும். நடுவில் காலேஜ் மாறினால், பொதுவாக ஒரு வருஷம் ஆட முடியாது. 2018-ல் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் மற்ற கோச்கள் பேசலாம். 2021-ல் முதல் தடவை மாறுகிறவருக்கு அந்தக் காத்திருப்பு போச்சு. வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கவும் வழி பிறந்தது. 2024-ல், படிப்பில் தேறினால் எத்தனை முறை வேணும்னாலும் மாறலாம்னு ஆச்சு. 2025 ஜூலையில் இருந்து காலேஜே நேரடியாகப் பணம் தருது. பிறகென்ன, ஒரே அள்ளல்தான்!

2017-லிருந்து 2025 வரை ஹைஸ்மன் விருது வாங்கிய 9 பேரில் 7 பேர் காலேஜ் மாறி வந்தவங்கன்னா பார்த்துக்கோங்க.

ஆனா அள்ளினவங்க எல்லாம் ஜெயிச்சுடலை. கொலராடோவுக்கு வந்த டியான் சாண்டர்ஸ், 2023-ல் 50 பேருக்கு மேல் வெளியிலிருந்து இறக்கினார். அந்த சீசன் 4 வெற்றி, 8 தோல்வி. 2024-ல் 9 வெற்றி. ஸ்டார்கள் கிளம்பியதும் 2025-ல் வெறும் 3. ஃப்ளோரிடா ஸ்டேட் இன்னும் பாவம். 2023-ல் லீக் முழுக்கத் தோற்காத டீம், 2024-ல் 2 மேட்ச்தான் ஜெயிச்சது.

எதிர் துருவம் கிளம்சனின் டேபோ ஸ்வின்னி. 2024 சீசனுக்கு வெளியாள் ஒருத்தரைக்கூட எடுக்கலை. அந்த வருஷம் தன் லீக் கோப்பையைத் தூக்கினார். 2025-ல் 7 வெற்றி, 6 தோல்வி. பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்கு சார்!

அப்போ இண்டியானா? 2023-ல் 3 மேட்ச் மட்டுமே ஜெயிச்ச டீம். கோச் கர்ட் சிக்னெட்டி, ஜேம்ஸ் மேடிசன் காலேஜில் தான் பயிற்சி கொடுத்த 13 பேரோடு வந்து சேர்ந்தார். 2025 சீசனில் 16-க்கு 16. 2026 ஜனவரியில் மயாமியை 27-21-ல் வீழ்த்தி தேசிய சாம்பியன்! டிரான்ஸ்ஃபருக்குக் கிடைச்ச வெற்றின்னு எல்லாரும் கொண்டாடினாங்க. எனக்கென்னவோ வேற மாதிரி படுது. அந்தப் பசங்களை மேடிசனிலேயே செதுக்கியவர் அதே சிக்னெட்டிதான். குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா, ஸ்கூலில் பெரிய காலேஜ்கள் துரத்தாத பையன். முதலில் யேலுக்குப் போறதா இருந்தவர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கூப்பிட்டு, ஒரு வருஷம் உட்கார வெச்சு, அடுத்த ரெண்டு வருஷம் ஆட விட்டது. நாற்று அங்கே, அறுவடை இங்கே.

எல்லா கோச்சும் அறுவடைக்கே வந்தா, அடுத்த மெண்டோசாவை யார் உட்கார வெச்சு வளர்ப்பாங்க? இந்த சீசன் தோத்தா வேலை போயிடும்கிற கோச்சுக்கு, மூணு வருஷம் கழிச்சுத் தேறப்போகும் 17 வயசுப் பையன் கண்ணில் படமாட்டான். ஏற்கெனவே சேர்ந்தவனுக்கும் நிம்மதி இல்லை. ஆட சான்ஸ் வரலைன்னு போர்ட்டலில் பெயர் கொடுத்தால், பழைய காலேஜ் அவன் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திடலாம். வேற எங்கிருந்தும் போன் வரலைன்னா, ஆட்டத்தோடு டிகிரியும் பாதியில் நிற்கும்.