கூலிங் பேட் வாங்கும் முன்



வெயில் ஏறத் தொடங்கினாலே தீர்த்தமலைப் பகுதிப் பெற்றோர் நம்மிடம் கேட்பது இதுதான்: "பிள்ளையின் லேப்டாப் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. கூலிங் பேட் வாங்கிக் கொடுக்கலாமா?"

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பல வீடுகளில் முதல் கணினியே அப்படி வந்ததுதான். அக்கா படித்து முடித்ததைத் தம்பி எடுத்துக்கொள்கிறான், அவனுக்குப் பிறகு தங்கை. அது கெட்டுப்போனால் இன்னொன்று வாங்க வழியில்லாத குடும்பங்களை நாம் அறிவோம். ஆகவே கேள்வி சின்னதல்ல.

கூலிங் பேட் என்பது ஏ.சி. அல்ல. அறையில் இருக்கும் காற்றையே அது அடியில் ஊதுகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் மடிக்கணினியை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் பயன்படுத்தவே சொல்கின்றன. தகரக் கூரை அறையில் மதியம் 40 டிகிரியைத் தாண்டும்போது பேட் ஊதுவதும் அதே 40 டிகிரிக் காற்றுதான். ஆகவே சில டிகிரி குறையலாம், அவ்வளவே. வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையை லுஹர் நேரத்து வெயிலில் செய்யாமல் பஜ்ருக்குப் பிறகு வைத்துக்கொண்டால் அதைவிட நல்ல பலன் கிடைக்கும், காசும் செலவில்லை.

காசில்லாத வைத்தியம் வேறும் உண்டு. மெத்தை, தலையணை, மடியில் விரித்த போர்வை இவற்றின் மேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மேஜையிலோ பலகையிலோ வையுங்கள். பின்பக்கம் இரண்டு மூலைகளிலும் பாட்டில் மூடி ஒன்றை முட்டுக் கொடுத்து உயர்த்துங்கள். இரண்டு மூன்று வருடம் ஓடிய கருவி என்றால் உள்ளே ஃபேனில் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருக்கும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, பிராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். தூசி அடைத்த லேப்டாப்புக்குப் பேட் வாங்குவது, மூக்கடைத்தவனுக்கு விசிறி வீசுவது போலத்தான்!

இவையெல்லாம் செய்தும் சூடு குறையவில்லையா? அப்போது பேட் பார்க்கலாம். முதலில் லேப்டாப்பை ஓடவிட்டு ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஒவ்வொரு துளை அருகிலும் பிடியுங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டால் அது காற்றை உள்ளே இழுக்கும் துளை. பேட்டின் ஃபேன் அந்த இடத்துக்கு நேர் கீழே வரவேண்டும், காற்றை மேல்நோக்கி ஊதவேண்டும். கீழ்நோக்கி இழுக்கும் பேட் என்றால் உள்ளே இருக்கும் ஃபேனோடு மல்லுக்கு நிற்கும். அடியில் துளையே இல்லாத மாடல்களுக்கும் ஃபேனே இல்லாத மாடல்களுக்கும் பேட்டால் பெரிய பயன் இல்லை. சாய்வு ஸ்டாண்ட் போதும். கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஃபேன் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆறு சின்ன ஃபேன்களைவிட மெதுவாகச் சுற்றும் ஒரு பெரிய ஃபேன் சத்தம் குறைவாக இருக்கும். பிள்ளை படிக்கும் அறையில் அது முக்கியம். கலர் லைட்டுக்குக் கூடுதல் பணம் வீண். பேட் தன் மின்சாரத்தை லேப்டாப்பின் யு.எஸ்.பி. வழியாகவே எடுக்கிறது. எனவே கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டச்பேட் மேலெழும்பி நின்றாலோ, மூடினால் சரியாகப் பொருந்தாமல் போனாலோ, உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். இதற்குப் பேட் மருந்தல்ல. உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையிலும் போடாமல் கடைக்காரரிடமே ஒப்படையுங்கள்.